72 ஷில்லிங்: குவாமே நிக்ருமாவின் அரசியல் வாழ்வு குறித்து

குவாமே நிக்ருமாவைப் பற்றி எழுதியவர்கள் எந்தப் பக்கம் நின்று எழுதினாலும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து முட்டிக்கொள்கிறார்கள்: மனிதர் எப்போது மாறினார்? 1951இல் சிறைக் கதவைத் தாண்டி நேராக ஆட்சிப் பொறுப்புக்குப் போனவர் அவர். 1957இல் கோல்ட் கோஸ்ட் என்ற பிரிட்டிஷ் காலனியைக் கானா என்ற சுதந்திர நாடாக்கினார். 1966இல், அவர் வெளிநாட்டில் இருந்த நேரம் பார்த்துப் படையும் போலீசும் ஆட்சியைப் பிடித்தபோது, அவரைத் தோளில் தூக்கிய அதே அக்ரா நகரத் தெருக்களில் ஜனங்கள் ஆடிப்பாடினார்கள். பதினைந்தே ஆண்டுகளில் இது எப்படி நடந்தது?

பதில்கள் பலவிதம். சட்டத்தின் ஆட்சியைப் பெரிதாக மதிப்பவர்கள் 1958ஐச் சொல்வார்கள். விசாரணை இல்லாமல் சிறைவைக்கும் சட்டம் வந்த ஆண்டு அது. டிரினிடாடில் பிறந்த மார்க்சிய அறிஞரும் நிக்ருமாவின் பழைய நண்பருமான சி.எல்.ஆர். ஜேம்ஸுக்கு அந்தத் தேதி 1963 டிசம்பர். தலைமை நீதிபதியை நிக்ருமா வீட்டுக்கு அனுப்பிய மாதம். அரசியல் ஆய்வாளர் ஹென்றி பிரெட்டன் போன்றவர்கள், அவர் மாறவே இல்லை, முதலிலிருந்தே தனக்கென்று ஓர் அதிகார எந்திரத்தைத்தான் கட்டினார் என்பார்கள். பாப் ஃபிட்ச், மேரி ஓப்பன்ஹைமர் இருவரும் இடதுசாரிக் கோணத்திலிருந்து வேறொரு கணக்குப் போட்டார்கள்: 1951இல் ஆங்கிலேயரோடு சேர்ந்து ஆள ஒப்புக்கொண்டபோதே புரட்சி முடிந்துவிட்டது. கென்யாவின் அலி மஸ்ரூயி 1966இல் எழுதிய 'லெனினிய ஜார்' கட்டுரை இன்னொரு வகை. நிக்ருமா ஆப்பிரிக்கர் என்ற முறையில் பெரிய மனிதர், கானாக்காரர் என்ற முறையில் அப்படி இல்லை என்று இரண்டாகப் பிரித்துத் தீர்ப்புச் சொன்னார் அவர். அந்தக் கட்டுரை கிளப்பிய சண்டை ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களில் வெகுகாலம் ஓயவில்லை.

என் கணிப்பில் அந்தத் தேதி 1954 ஆகஸ்ட். யாரும் கைதாகவில்லை, யாரும் சுடப்படவில்லை. சட்டமன்றத்தில் ஒரு பண மசோதா நிறைவேறியது, அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பின் நடந்த ஒவ்வொன்றுக்கும் வேர் அங்கே இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள, கொக்கோ என்ற பயிரிலிருந்தும் நிக்ருமா என்ற மனிதரிடமிருந்தும் சேர்த்தே தொடங்க வேண்டும்.

அவர் பிறந்தது கோல்ட் கோஸ்ட்டின் தென்மேற்கு மூலையில், ந்சீமா மக்களின் நிக்ரோஃபுல் என்ற சிற்றூரில். தந்தை பொற்கொல்லர். 1909 செப்டம்பர் 21 என்பது அவரே ஏற்றுக்கொண்ட பிறந்தநாள். தாயார் நியானிபாவின் கணக்குப்படி ஆண்டு 1912. மிஷன் பள்ளி, பிறகு அக்ராவுக்கு அருகே அச்சிமோட்டா ஆசிரியர் பயிற்சி, சில காலம் வாத்தியார் வேலை. 1935இல் கப்பலேறி அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கறுப்பின மாணவர்களுக்கான லிங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பத்து ஆண்டுகள் அங்கே. படிப்புக்கு நடுவே ஹார்லெம் தெருவில் மீன் விற்றார், சோப்புத் தொழிற்சாலையில் உடம்பு நோக உழைத்தார், கப்பலில் பரிமாறுபவராகப் போனார், கப்பல் கட்டும் தளத்தில் இரவு வேலை பார்த்தார். இறையியலிலும் தத்துவத்திலும் பட்டங்கள் வாங்கினார். 1945இல் லண்டனுக்குப் போனபோது, ஜேம்ஸ் கொடுத்த அறிமுகக் கடிதம் அவரைப் பான்-ஆப்பிரிக்கச் சிந்தனையாளர் ஜார்ஜ் பாட்மோரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்த அக்டோபரில் மான்செஸ்டரில் கூடிய ஐந்தாவது பான்-ஆப்பிரிக்க மாநாட்டை ஏற்பாடு செய்தவர்களில் நிக்ருமா ஒருவர்.

ஊரில் அவரை யாருக்கும் தெரியாது. இது முக்கியம். கோல்ட் கோஸ்ட் அரசியல் அப்போது வழக்கறிஞர்கள், வணிகர்கள், பட்டம் பெற்ற கனவான்களின் கையில் இருந்தது. ஜே.பி. டான்குவா முதலானோர் 1947 ஆகஸ்ட் 4 அன்று சால்ட்பாண்டில் கோல்ட் கோஸ்ட் ஐக்கிய மாநாடு என்ற கட்சியைத் தொடங்கினார்கள். முழுநேரச் செயலாளர் ஒருவர் தேவைப்பட்டார். தொழிலை விட்டுவிட்டு ஊர் ஊராகச் சுற்ற அந்த வக்கீல்கள் யாரும் தயாராக இல்லை. லண்டனில் பழகிய நிக்ருமாவின் பெயரைச் சொன்னவர் ஆகோ அட்ஜெய். 1947 டிசம்பரில் நிக்ருமா வந்து இறங்கினார். அழைத்த டான்குவாவும், பெயரை முன்மொழிந்த ஆகோ அட்ஜெய்யும் பிற்காலத்தில் அவருடைய சிறையிலேயே அடைபட்டார்கள் என்பதை இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

அவர் வந்த நேரம் ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. உலகப் போரில் பர்மா வரை போய்ச் சண்டையிட்டுத் திரும்பிய சிப்பாய்களுக்கு வேலையும் இல்லை, சொன்னபடி ஓய்வுப் பணமும் இல்லை. துணி முதல் மத்தி மீன் டப்பா வரை இறக்குமதிப் பொருள்களின் விலையை ஐரோப்பிய நிறுவனங்கள் தங்களுக்குள் பேசிவைத்து ஏற்றின. நீ குவாபெனா பொன்னே என்ற சிற்றரசர் 1948 ஜனவரியில் அவற்றைப் புறக்கணிக்கும் இயக்கத்தைத் தொடங்கினார். கிராமங்களில் வேறு நெருப்பு. கொக்கோ மரத்தின் தண்டை வீங்கவைத்துக் கொல்லும் வைரஸ் நோய் பரவியிருந்தது. நோய் கண்ட மரத்தை வெட்டிவிடுவது ஒன்றே வழி என்றது அரசு. விஞ்ஞானம் சரிதான். ஆனால் காய்த்துக்கொண்டிருக்கும் மரத்தை அரசு ஆட்கள் வந்து வெட்டிச் சாய்ப்பதை எந்தச் சம்சாரி பார்த்துக்கொண்டிருப்பான்? வெள்ளைக்காரன் நம்மை அழிக்கத்தான் வெட்டுகிறான் என்ற பேச்சு காட்டுத்தீயாகப் பரவியது.

1948 பிப்ரவரி 28 அன்று, ஆளுநரிடம் மனுக் கொடுக்கக் கிறிஸ்டியன்ஸ்போர்க் கோட்டையை நோக்கி ஊர்வலமாகப் போன முன்னாள் சிப்பாய்கள் மீது போலீஸ் அதிகாரி ஒருவர் சுட்டதில் சார்ஜென்ட் அட்ஜெட்டி, கார்ப்பரல் அட்டிப்போ, சிப்பாய் ஓடார்ட்டி லாம்ப்டி மூவரும் இறந்தார்கள். அக்ரா பற்றி எரிந்தது. ஐரோப்பியக் கடைகள் சூறையாடப்பட்டன. கலவரம் ஓய்வதற்குள் 29 பேர் மாண்டார்கள். டான்குவா, நிக்ருமா உட்பட ஆறு தலைவர்கள் கைதானார்கள். கானாவின் பாடநூல்கள் இன்றும் சொல்லும் 'பெரிய ஆறு பேர்' அவர்கள்தான். கலவரத்தை அவர்கள் யாரும் தூண்டவில்லை என்பது வேறு விஷயம்.

விடுதலையான பிறகு ஆறு பேரின் வழியும் பிரிந்தது. அரசியல் சட்டத்தைத் திருத்த அமைத்த குழுவில் டான்குவா முதலானோர் இடம்பெற்றார்கள்; நிக்ருமாவை விட்டுவிட்டார்கள். அது அவருக்கு அடித்த அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். கனவான்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து விதிகளை விவாதித்துக்கொண்டிருந்தபோது, இவர் லாரியில் ஏறி ஊர் ஊராகப் போனார். 1949 ஜூன் 12 அன்று அக்ராவில் மாபெரும் கூட்டத்தின் முன் மக்கள் மாநாட்டுக் கட்சியைத் தொடங்கினார். உடனே தன்னாட்சி என்பதுதான் முழக்கம்.

அந்தக் கட்சியில் சேர்ந்தவர்கள் யார்? ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன இளைஞர்கள், எழுத்தர்கள், ஓட்டுநர்கள், கூலிக்காரர்கள், நகரத்தில் தங்க இடமின்றிப் பணக்காரர் வீட்டு வராந்தாவில் படுத்துறங்கியவர்கள். 'வராந்தாப் பையன்கள்' என்று மேட்டுக்குடியினர் ஏளனம் செய்ததை அவர்கள் விருதாகவே சூடிக்கொண்டார்கள். சந்தையில் துணி விற்ற பெண்கள் பணமும் வண்டியும் கொடுத்தார்கள். அவர்கள் இல்லாமல் கட்சி ஒரு மாதம்கூட ஓடியிருக்காது. 1950 ஜனவரி 8 அன்று காந்தியின் வழியைப் பின்பற்றி 'நேர்நடவடிக்கை' என்ற பெயரில் வேலைநிறுத்தமும் புறக்கணிப்பும் தொடங்கின. அரசு நெருக்கடி நிலையை அறிவித்து நிக்ருமாவை ஜேம்ஸ் கோட்டைச் சிறையில் அடைத்தது.

சிறைக்கு வெளியே கட்சியைக் கட்டிக் காத்தவர் கோம்லா பெடெமா. உள்ளே இருந்த தலைவர், துண்டுப் பென்சிலால் கழிவறைக் காகிதத்தில், தெருவிளக்கின் வெளிச்சம் அறைக்குள் விழும் நேரத்தில் குறிப்புகள் எழுதி வெளியே கடத்தினார். 1951 பிப்ரவரித் தேர்தலில் மக்கள் பிரதிநிதிகளுக்கான 38 இடங்களில் 34 அந்தக் கட்சிக்கு. சிறையில் இருந்தபடியே அக்ராவில் போட்டியிட்ட நிக்ருமாவுக்குப் பதிவான 23,122 வாக்குகளில் 22,780 கிடைத்தன. ஆளுநர் ஆர்டன்-கிளார்க் கணக்குத் தெரிந்தவர். பிப்ரவரி 12 அன்று கைதியை விடுவித்து, மறுநாளே அழைத்து அரசு அமைக்கச் சொன்னார். கட்சித் தொண்டர்கள் 'சிறைப் பட்டதாரி' என்று பொறித்த தொப்பிகளைப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள்.

இனி வருவதுதான் நிக்ருமா வரலாற்றில் குறைவாகப் பேசப்படும், ஆனால் எல்லாவற்றையும் தீர்மானித்த காலம்: 1951 முதல் 1957 வரை, ஆங்கிலேயரோடு கூட்டாக ஆண்ட ஆறு ஆண்டுகள். காவல், நிதி போன்ற முக்கிய நாடிகளை ஆங்கில அதிகாரிகள் படிப்படியாகத்தான் விட்டுக்கொடுத்தார்கள். ஆளுநருக்கும் நிக்ருமாவுக்கும் நல்ல உறவு. கட்சிக்குக் கிடைத்ததோ காலனி அரசு ஏற்கெனவே எண்ணெய் போட்டு வைத்திருந்த ஒரு கருவி: 1947இல் அமைந்த கொக்கோ விற்பனை வாரியம்.

உலகிலேயே அதிகம் கொக்கோ விளைந்த நாடு அப்போது இதுதான். விளைவித்தவர்கள் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் அல்லர். சொந்தச் சிறு நிலத்தில் காட்டை வெட்டி மரம் நட்ட ஆப்பிரிக்க விவசாயிகள். அவர்களிடம் வாரியம் நிர்ணயித்த விலைக்கே கொக்கோவை வாங்க முடியும். உலகச் சந்தை விலைக்கும் அந்த விலைக்கும் இடைப்பட்ட லாபம் வாரியத்தில் சேரும். விலை விழும் ஆண்டுகளில் விவசாயியைக் காப்பாற்றவே இந்தச் சேமிப்பு என்பது ஏற்பாட்டின் நியாயம். உண்மையில் அந்தப் பணம் லண்டனில் பிரிட்டிஷ் அரசுப் பத்திரங்களாகக் கிடந்தது. போருக்குப் பின் நலிந்திருந்த பிரிட்டனின் பவுனுக்கு ஏழை விவசாயியின் சேமிப்பு முட்டுக்கொடுத்தது. ஃபிட்ச்சும் ஓப்பன்ஹைமரும் இந்த இடத்தில் அடித்த அடி சரியான அடி.

நிக்ருமா கட்சி அந்தக் கருவியை உடைக்கவில்லை, கையில் எடுத்துக்கொண்டது. 1952இல் வாரியத்தின் கிளையாகக் கொக்கோ கொள்முதல் நிறுவனம் ஒன்றைத் தொடங்கி விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தது. வட்டிக்காரனிடம் மரத்தை அடகு வைத்திருந்தவனுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் கடன் பெரும்பாலும் கட்சி ஆதரவாளருக்குத்தான் போனது, நிறுவனத்தின் வண்டிகள் கட்சி வேலைக்கு ஓடின. 1956இல் நீதிபதி ஜிபோவு தலைமையிலான விசாரணைக் குழு இதை உறுதிப்படுத்தியது.

1954 ஜூன் தேர்தலில் கட்சி மறுபடி வென்றது. ஆகஸ்டில் நிதியமைச்சர் பெடெமா அந்த மசோதாவைக் கொண்டுவந்தார். 60 ராத்தல் மூட்டைக்கு விவசாயி பெறும் விலை நான்கு ஆண்டுகளுக்கு 72 ஷில்லிங் என்று நிலையாக வைக்கப்பட்டது. கணக்குப் பார்த்தால் டன்னுக்கு 134 பவுன் சொச்சம். அந்த நேரம் லண்டன் சந்தையில் கொக்கோ டன் 450 பவுனுக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. மரத்தை நட்டு, காயைப் பறித்து, உடைத்து, வாழையிலையில் மூடிப் புளிக்கவைத்து, வெயிலில் காயப்போட்டவனுக்கு விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதி, வளர்ச்சித் திட்டங்களுக்கு. பணம் புழங்கினால் விலைவாசி ஏறும் என்று அரசு சொன்ன காரணத்தில் பொருளியல் இருந்தது. பள்ளியும் சாலையும் துறைமுகமும் எங்கிருந்து வரும் என்று கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஆனால் விவசாயியின் வயிற்றில் அடித்து எடுத்த பணம் என்பதில் சந்தேகமில்லை. எடுக்குமுன் அவனை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

கொக்கோ அதிகம் விளைந்தது அசாந்தி நிலத்தில். அடுத்த மாதமே, செப்டம்பர் 19 அன்று, அசாந்தித் தலைநகர் குமாசியில் தேசிய விடுதலை இயக்கம் பிறந்தது. அசாந்தி மன்னரின் பேச்சாளர்களில் ஒருவரான பாஃபூர் ஓசெய் அகோட்டோ தலைவர். கொக்கோ மரமும், பழைய அசாந்திப் படையின் அடையாளமான முள்ளம்பன்றியும் அவர்கள் கொடியில். நிக்ருமா கட்சியிலிருந்த இளைஞர்கள் பலரும் அந்தப் பக்கம் போனார்கள். இதைப் பழங்குடிப் பிற்போக்கு என்று எழுதித் தள்ளிய நூல்கள் உண்டு. விவசாயியின் வர்க்கக் கோபம் என்று எழுதியவையும் உண்டு. வரலாற்றாசிரியர் ஜீன் ஆல்மன் 1993இல் எழுதிய ஆய்வு, இது அசாந்தி தேசிய உணர்வும் கொக்கோக் கோபமும் பின்னிப் பிணைந்த ஒன்று என்று காட்டியது. எனக்கு அதுதான் நம்பத் தகுந்ததாகத் தெரிகிறது. விலை என்ற ஒன்று இல்லாவிட்டால் சிற்றரசர்களுக்கு இந்தக் கூட்டம் சேர்ந்திருக்காது. சிற்றரசர்கள் இல்லாவிட்டால் விலைக் கோபம் ஓர் அரசியல் அமைப்பாக நின்றிருக்காது.

வன்முறை இரு பக்கமும். இயக்கத்தின் பிரசாரச் செயலாளர் பாஃபோவை நிக்ருமா கட்சிக்காரர் ஒருவர் குத்திக் கொன்றார். குமாசியில் கட்சிக்காரர்களின் வீடுகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. 1955 நவம்பரில் அக்ராவில் நிக்ருமாவின் வீட்டிலேயே குண்டு வெடித்தது. கூட்டாட்சி இல்லாமல் சுதந்திரம் வேண்டாம் என்று எதிரணி லண்டனுக்குத் தூது போனது. இன்னொரு தேர்தல் நடத்தினால்தான் ஆயிற்று என்றது பிரிட்டன். 1956 ஜூலையில் நடந்த அந்தத் தேர்தலில் நிக்ருமா 104இல் 71 இடங்களைப் பிடித்தார். அசாந்தியில் பெரும்பான்மை எதிரணிக்கு. 1957 மார்ச் 6 நள்ளிரவில் பழைய போலோ மைதானத்தில், 'சிறைப் பட்டதாரி' தொப்பியும் வடபுலத்து நெசவுச் சட்டையும் அணிந்து அவர் விடுதலையை அறிவித்தபோது, கூட்டத்தில் மார்ட்டின் லூதர் கிங்கும் இருந்தார். ஆனால் நாட்டின் பாதிப் பொன் விளையும் மண் அவரை நம்பாமல் நின்றது. அந்த அவநம்பிக்கையைத் தீர்க்க அவர் பேச்சுவார்த்தையை நாடவில்லை.

சட்டம் ஒவ்வொன்றாக வந்தது. 1957 டிசம்பரில் இன, மத, வட்டார அடிப்படையிலான கட்சிகளுக்குத் தடை. எதிரணிகள் வேறு வழியின்றி ஐக்கியக் கட்சி என்று ஒன்றுசேர்ந்தன. 1958 ஜூலையில் தடுப்புக் காவல் சட்டம்: ஐந்தாண்டு வரை விசாரணையின்றிச் சிறை. இந்தியாவிலும் 1950இலிருந்து இப்படி ஒரு சட்டம் இருந்ததே என்று கேட்கலாம், கேட்க வேண்டியதும்தான். சென்னை மாகாணச் சிறையிலிருந்து ஏ.கே. கோபாலன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் இங்கே மறுஆய்வுக் குழு இருந்தது, பின்னர் காவலுக்கு ஓராண்டு வரம்பு வந்தது, ஆட்சியை மாற்றும் தேர்தல்கள் நடந்தன. கானாவில் இவை எதுவும் இல்லை.

அந்த வேறுபாட்டைக் காட்ட ஒரு வழக்கு போதும். கொக்கோ இயக்கத்தை நடத்திய அதே பாஃபூர் அகோட்டோவும் இன்னும் சிலரும் தடுப்புக் காவலில் அடைபட்டார்கள். 1961இல் உச்ச நீதிமன்றத்தில் அவர்களுக்காக வாதாடியவர் டான்குவா. புதிய குடியரசின் அரசியல் சட்டப்படி, பதவியேற்கும்போது அதிபர் சில அடிப்படை உரிமைகளைக் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும்; அதற்கு முரணான சட்டம் செல்லாது என்பது வாதம். தலைமை நீதிபதி ஆர்கு கோர்சா தலைமையிலான அமர்வு அதை ஏற்கவில்லை. அந்த உறுதிமொழி இங்கிலாந்து அரசி முடிசூடும்போது எடுக்கும் சத்தியத்தைப் போன்றது, ஒழுக்கக் கடமைதான், நீதிமன்றத்தில் செல்லுபடியாகாது என்றது. மக்கள் வேண்டுமானால் வாக்குப் பெட்டியில் கேட்டுக்கொள்ளட்டும் என்பது தீர்ப்பின் சாரம். சில ஆண்டுகளில் வாக்குப் பெட்டியும் போய்விட்டது.

1962 ஆகஸ்ட் 1 அன்று வடக்கே குளுங்குகுவில் நிக்ருமா மீது வெடிகுண்டு வீசப்பட்டது, மயிரிழையில் தப்பினார். அதன் பிறகு அவர் மக்களிடமிருந்து விலகியதையும் சுற்றியிருந்த எவரையும் நம்பாமல் போனதையும் பலர் எழுதியிருக்கிறார்கள். கொலைமுயற்சி நிஜம் என்பதால் அந்தப் பயமும் நிஜம். ஆனால் குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் அமைச்சர் ஆகோ அட்ஜெய் உள்ளிட்ட மூவரை 1963 டிசம்பரில் கோர்சாவின் நீதிமன்றம் விடுவித்தபோது, நிக்ருமா தலைமை நீதிபதியையே நீக்கினார். அரசுக்குச் சாதகமாக அகோட்டோ வழக்கைத் தீர்த்துவைத்த அதே நீதிபதி. மூவரையும் மறுபடி விசாரித்துத் தண்டனை வாங்கிக் கொடுத்தார்கள். ஜேம்ஸ் உறவை முறித்துக்கொண்டது இந்த இடத்தில்தான்.

1964 ஜனவரியில் ஒரே கட்சி ஆட்சிக்குப் பொதுவாக்கெடுப்பு, ஆதரவு 99.91 விழுக்காடு என்று அறிவித்தார்கள். பத்தாண்டுக்கு முன் முள்ளம்பன்றிக் கொடி பறந்த அசாந்தியில் எதிர்த்து ஒரு வாக்குகூட விழவில்லையாம். இப்படிப்பட்ட எண்ணை வெளியிடுபவர்களுக்குக் கூச்சமும் இருக்காதா என்று தோன்றும். 1965இல் தேர்தலே இல்லாமல் உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. அதே ஆண்டு பிப்ரவரி 4 அன்று, இரண்டாம் முறை தடுப்புக் காவலில் அடைபட்டிருந்த டான்குவா, ந்சாவம் சிறையில் இறந்தார். கானா என்ற பெயரை நாட்டுக்குப் பரிந்துரைத்தவர் அவர். பெடெமா அதற்கு முன்பே நாட்டை விட்டு ஓடியிருந்தார்.

இதை மட்டும் எழுதி நிறுத்தினால் அது அநியாயம். 1951இல் தொடங்கிய கல்வித் திட்டம் தொடக்கப் பள்ளியில் கட்டணத்தை ஒழித்தது. சில ஆண்டுகளில் பள்ளி செல்லும் பிள்ளைகள் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டித்தது. 1961இல் கல்வி கட்டாயமானது. குமாசியில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், கேப் கோஸ்ட்டில் இன்னொன்று, மீனவக் குப்பமாக இருந்த தேமாவில் ஆழ்கடல் துறைமுகமும் புது நகரமும். வோல்ட்டா ஆற்றின் குறுக்கே அக்கோசொம்போ அணை எல்லாவற்றிலும் பெரிது. 1966 ஜனவரி 22 அன்று அதைத் திறந்துவைத்தார்; அதன் பின்னே உலகின் மிகப் பெரிய செயற்கை ஏரிகளில் ஒன்று விரிந்தது. சுமார் 80,000 பேர் ஊரை இழந்து, 52 புதிய குடியிருப்புகளில் குடியேற வேண்டியிருந்தது. அணையின் மின்சாரத்தில் பெரும்பங்கு, அமெரிக்க நிறுவனங்களின் அலுமினிய ஆலைக்கு மிக மலிவான விலையில் நீண்டகால ஒப்பந்தத்தில் போனது. கானாவில் பாக்சைட் இருந்தும் மூலப்பொருள் வெளிநாட்டிலிருந்து வந்தது. நவகாலனியம் பற்றிப் புத்தகம் எழுதியவர் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அது. வேறு யாரும் கடன் கொடுக்க முன்வராத நிலையில், அணை இல்லாமல் இருப்பதா, இந்த நிபந்தனைக்கு அணை பெறுவதா என்பதே அவர் முன் இருந்த தேர்வு. அவர் தேர்ந்தெடுத்ததை என்னால் குறைசொல்ல முடியவில்லை. பல பத்தாண்டுகள் கானாவின் விளக்குகள் எரிந்தது அந்த அணையால்தான்.

குறைசொல்ல வேண்டியது வேறு இடத்தில். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் ஆர்தர் லூயிஸ் 1953லேயே ஓர் அறிக்கை தந்திருந்தார்: முதலில் உணவு விவசாயத்தின் விளைச்சலைக் கூட்டுங்கள், தொழிற்சாலைகள் மெல்ல வரட்டும். சுதந்திரத்துக்குப் பின் ஆலோசகராகவே வந்து, மனம் கசந்து 1958இன் கடைசியில் கிளம்பிவிட்டார். அவர் போன பின் அரசுப் பண்ணைகள், அரசு ஆலைகள், கப்பல், விமானம் என்று பணம் ஓடியது. பொருளியலாளர் டோனி கில்லிக் 1978இல் வெளியிட்ட நூலில் இந்தக் காலத்து முதலீடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கிறார். மாம்பழம் பதப்படுத்த ஓர் ஆலையைத் திட்டமிட்டார்கள். அந்த வட்டாரத்தில் இருந்ததோ புதரிடையே அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்ற மரங்கள். கன்று நட்டுக் காய்க்க எத்தனை வருஷம் ஆகும் என்று சேலத்து, பெரியகுளத்து வியாபாரியைக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார். தேமாவில் கொக்கோவைச் சேமிக்க எழுப்பிய கான்கிரீட் கோபுரங்கள் பயன்படாமலே நின்றன.

இவற்றுக்கெல்லாம் பணம் தந்தவன் அதே விவசாயி. 1959இல் 72 ஷில்லிங் 60 ஆயிற்று. விவசாயிகள் சங்கம் வளர்ச்சிக்காக மனமுவந்து விட்டுக்கொடுத்ததாக அறிவித்தார்கள். அந்தச் சங்கம் கட்சியின் சங்கம். 1961இல் கட்டாயச் சேமிப்பு என்று இன்னும் பத்தில் ஒரு பங்கு பிடித்தார்கள். அந்தச் செப்டம்பரில் செகொண்டி-தக்கோரடியில் ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஒருகாலத்தில் நேர்நடவடிக்கையில் முன்னணியில் நின்ற அந்த ஊரின் தொழிற்சங்கத்தாரைத் தடுப்புக் காவலில் வைத்தார்கள். ஐம்பதுகளின் நல்ல விலையைப் பார்த்து நட்ட மரங்களெல்லாம் காய்ப்புக்கு வந்து, 1964-65இல் விளைச்சல் 5 லட்சம் டன்னைத் தாண்டியது. உலகச் சந்தையில் கொக்கோ குவிந்து டன் நூறு பவுனுக்கும் கீழே இறங்கியது. சுதந்திரத்தின்போது இருந்த ஏறத்தாழ 20 கோடி பவுன் கையிருப்பு கரைந்திருந்தது. விலை விழும் காலத்துக்கென்று எடுத்துவைத்த சேமிப்பு, விலை விழுந்தபோது இல்லை. கடையில் சர்க்கரையும் பாலும் கிடைக்கவில்லை.

அவருடைய ஆப்பிரிக்க அரசியலைப் பற்றித் தனியே ஒரு நூல் எழுதலாம், இங்கே சுருக்கமாகவே. 1958 டிசம்பரில் அக்ராவில் அவர் கூட்டிய அனைத்து ஆப்பிரிக்க மக்கள் மாநாட்டுக்கு வந்தவர்களில் காங்கோவின் லுமும்பாவும் அல்ஜீரிய விடுதலை இயக்கத்தின் ஃபனோனும் இருந்தார்கள். பிரான்சின் பொதுவாக்கெடுப்பில் 'இல்லை' சொல்லித் தனித்து நின்ற கினிக்கு ஒரு கோடி பவுன் கடன் கொடுத்தார். அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு போய்ஸுக்கு அவருடைய முதுமையில் அக்ராவில் வீடு தந்தார். ஆப்பிரிக்கா ஒரே அரசாக வேண்டும் என்று 1963இல் அடிஸ் அபாபாவில் வாதாடித் தோற்றார். கிடைத்தது ஒரு தளர்ந்த ஒன்றியம். மஸ்ரூயி சொன்ன அந்தப் பெரிய ஆப்பிரிக்கர் இவர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மஸ்ரூயியின் பிரிப்பு எனக்கு உவப்பில்லை. வெளியே கினிக்குக் கொடுத்த பணமும் உள்ளே மாம்பழ ஆலைக்குப் போன பணமும் ஒரே வாரியத்தின் பெட்டியிலிருந்து வந்தவை. பெரிய ஆப்பிரிக்கரையும் சறுக்கிய கானாக்காரரையும் அந்தப் பெட்டி பிரிக்கவிடாது.

1966 பிப்ரவரி 24. வியட்நாம் போருக்குச் சமரசம் தேட ஹனோய்க்குப் புறப்பட்டவர் பீக்கிங்கில் இறங்கியபோது, படை அதிகாரிகள் கோட்டோக்கா, அஃப்ரிஃபா, போலீஸ் தலைவர் ஹார்லி ஆகியோர் ஆட்சியைப் பிடித்த செய்தி காத்திருந்தது. அமெரிக்க உளவுத்துறை செய்ததா? பின்னாளில் வெளியான ஆவணங்கள் சதிப் பேச்சு வாஷிங்டனுக்கு முன்பே தெரிந்திருந்ததையும், கவிழ்ந்ததும் வெள்ளை மாளிகை அதிகாரிகள் மகிழ்ந்ததையும் காட்டுகின்றன; உதவிக் கடன்களை இழுத்தடித்து நெருக்கியதும் உண்மை. ஆனால் கடையில் பால் இருந்திருந்தால் தெருவில் அவ்வளவு கூட்டம் கொண்டாட வந்திருக்காது. நிக்ருமா கினியில் அந்நாட்டு அதிபர் செக்கு டூரேயின் விருந்தாளியாக, பெயரளவில் இணை அதிபராக வாழ்ந்தார். 1972 ஏப்ரல் 27 அன்று புக்காரெஸ்ட் மருத்துவமனையில் புற்றுநோயால் இறந்தார். உடல் முதலில் கொனாக்ரியில், பிறகு நிக்ரோஃபுலில், 1992 முதல் அக்ராவின் பழைய போலோ மைதானத்து நினைவிடத்தில்.

கவிழ்த்தவர்கள் எதையெல்லாமோ மாற்றினார்கள். கொக்கோ வாரியத்தை மட்டும் கலைக்கவில்லை. அடுத்து வந்தவர்களும் அதில் கைவைக்கவில்லை. விவசாயிக்கு என்ன விலை என்று இன்றும் அரசுதான் அறிவிக்கிறது. 2024இல் உலக விலை டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியபோதும் கானா விவசாயி கையில் வந்தது அதில் சிறு பகுதிதான். மூட்டைகள் எல்லை தாண்டிக் கடத்தப்பட்டன. நிக்ருமா மறைந்து அரை நூற்றாண்டு கழிந்த பின் அந்தப் பிழையை அவர் தலையில் கட்ட முடியாது. அந்தக் கருவியைக் கையில் பிடித்தவர் எவரும் அதைக் கீழே வைக்க விரும்பவில்லை.

கானாவுக்குள் சச்சரவு இப்போது வேறு உருவில் நடக்கிறது. டான்குவா, எதிரணித் தலைவர் புசியா ஆகியோரின் வழி வந்தவர்களின் கட்சி ஒரு பக்கம். நிக்ருமாவின் பெயரைச் சொல்பவர்கள் எதிர்ப்பக்கம். 2009இல் அதிபர் மில்ஸ் செப்டம்பர் 21ஐ நிறுவனர் நாளாக விடுமுறை விட்டார். 'பெரிய ஆறு பேரில்' ஒருவரின் மகனான நானா அகுஃபோ-அட்டோ அதிபரானதும், 2019இல் சால்ட்பாண்டில் வக்கீல்கள் கட்சி தொடங்கிய ஆகஸ்ட் 4ஐ நிறுவனர்கள் நாளாக்கி, செப்டம்பர் 21ஐ வெறும் நினைவு நாளாக இறக்கினார். ஆட்சி மாறியதும் 2025இல் அது பழையபடி திரும்பியது. அடுத்த ஆட்சியில் மறுபடி மாறினாலும் யாரும் வியக்கமாட்டார்கள். இரு தரப்பும் தகராறு இல்லாமல் மலர்வளையம் வைக்கும் தேதி ஒன்று உண்டு: பிப்ரவரி 28. சொன்ன ஓய்வுப் பணத்தைக் கேட்கப்போய்ச் சுடப்பட்ட அந்த மூன்று சிப்பாய்களும் எந்தக் கட்சிக்கும் சொந்தமானவர்கள் அல்லர்.